ஜட்சன் ஐயாவும் ஆன் அம்மாவும் ஆசைப்பட்ட சபை: பர்மாத் தமிழர்களே, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

ரங்கூன், தாம்வேயிலிருந்து ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை (திரியைத் தொடங்குபவர்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஜூலை 13 வரப்போகிறது. 1813-இல் அந்தத் தேதியில்தான் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆன் ஜட்சனும் ரங்கூன் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு வயது 23. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இருக்க விடவில்லை. மொரீஷியஸ் போனார்கள், அங்கிருந்து நம் மதராசுக்கு வந்தார்கள், அங்கேயும் தங்க வழியில்லாமல் கிடைத்த கப்பலில் ஏறி இங்கே வந்தார்கள். அந்தக் கப்பலிலேயே முதல் பிள்ளை இறந்து பிறந்தது. கரை சேர்ந்தபோது அம்மாவால் நடக்க முடியவில்லை, நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வருஷா வருஷம் இந்த நாளையொட்டிப் பிரசங்கம் கேட்கிறோம். ஐயாவின் வேதாகம மொழிபெயர்ப்பு வரும், அகராதி வரும், அன்றைய பர்மிய அரசரின் தலைநகரான ஆவாவின் சிறை வரும். அம்மாவோ, அந்த மொழிபெயர்ப்பின் கையெழுத்துப்படியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்தவர் என்ற ஒரு வரியோடு முடிந்துபோவார். எனக்கு இதில் ரொம்ப நாளாக மனத்தாங்கல் உண்டு. அந்த ஊழியம் இரண்டு பேருடையது. சபை எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்து காட்டியதுதான்.

அவர்கள் 1819 ஏப்ரலில் திறந்த சயாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக: வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறும் சாவடியைத்தான் இங்கே சயாத் என்போம்.) அதன் அமைப்பை ஆன் அம்மாவே எழுதி வைத்திருக்கிறார். 27 அடிக்கு 18 அடி, தரையிலிருந்து நாலடி உயரம், மூன்று பாகம். முன்பாகம் மூங்கிலும் கூரையும்தான். சாலையைப் பார்த்தபடி கதவோ ஜன்னலோ தடுப்போ இல்லாமல் திறந்து கிடக்கும். ஐயா நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுப் பேசுவார். நடுப்பாகம் பலகை அடித்து வெள்ளையடித்த அறை, நாலு கதவு, நாலு ஜன்னல். ஞாயிறு ஆராதனை அங்கே. அம்மா மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்ததும் அதே அறையில்தான். ஒரு மூலையில் ஆறு ஆண்கள் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்களாம். மூன்றாவது பாகம் தோட்டம் வழியாக வீட்டுக்குப் போகும் நடை. அப்படியென்றால் சாலை, சபை, வீடு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் திறந்து கிடந்தன. அந்த இருவருக்கும் சபை என்றால் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

பாஷையிலும் அப்படித்தான். ஐயா பண்டிதரோடு உட்கார்ந்து இலக்கணத்தோடு படித்தார். அம்மா சந்தையிலும் சமையற்கட்டிலும் பேசியே படித்தார். பேசுவதிலும் புரிந்துகொள்வதிலும் தான் அவரை முந்திவிட்டதாக அம்மாவே ஒரு கடிதத்தில் எழுதுகிறார். புதன்கிழமை தோறும் பெண்களைக் கூட்டி வேதம் வாசித்துக் காட்டினார். ரங்கூனில் இருந்த சயாம்காரர்களுக்காக அவர்கள் பாஷையையும் கற்று மத்தேயு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். இதை எந்த மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்?

நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பேட்டையில் ஒரு தமிழ்ப் போதகரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சயா, சயாமா (பர்மியத்தில் ஆசிரியர், ஆசிரியை) என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வீட்டின் முன்பக்கத்தை ஒரு மூங்கில் தட்டி மறைத்திருக்கும். விடிந்ததும் அதைத் தூக்கி உத்தரத்தில் கட்டிவிட்டால் இரவு ஜெபம் முடிந்துதான் இறங்கும். சைக்கா மிதிப்பவர், மீன்கூடைக்காரி, பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி என்று யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சயாமா முதலில் கேட்பது "தமின் சா பீபீலா" (சோறு சாப்பிட்டாச்சா). சாப்பிடவில்லை என்றால் தட்டு வந்துவிடும். ஜெபிக்கட்டுமா என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். அந்தப் பாட்டி கடைசிவரை புத்தரைத்தான் கும்பிட்டார், சயாமா அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பாட்டி இறந்தபோது வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றவர் சயாமாதான்.

உங்கள் ஊரில் இப்படிப்பட்ட தம்பதியரைக் கண்டிருந்தால் எழுதுங்கள். ஜட்சன்களைப் பற்றித் தெரிந்ததையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

மோல்மேன் பக்கம் முடோனிலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா, நல்ல திரி. நான் கைக்காமிக்குப் போய் வந்ததைச் சொல்கிறேன்.

ஆன் அம்மாவின் கல்லறை அங்கே இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேள்வி. இத்தனை பக்கத்தில் இருந்தும் போனதில்லை. கல்யாணமான பிறகு என் மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். லைன் காரில் தம்பியூசாயா வரைக்கும் போனோம். அங்கே இறங்கியதும் எங்கள் வீட்டுத் துக்கம் ஒன்று உண்டு, அதையும் பார்த்துவிட்டுத்தான் போவோம். 1942, 43-இல் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை இந்தப் பக்கம் முடிவது அங்கேதான். மலாயாவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட நம் சனங்கள் எத்தனையோ பேர் அந்தப் பாதையில் செத்தார்கள், எங்கள் தாத்தாவின் தம்பியும் ஒருவர். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சின்னத் தாத்தாவுக்கு ஒரு கல்லும் இல்லை. அங்கே நின்று ஜெபம் பண்ணிவிட்டுக் கைக்காமிக்கு மோட்டார் பைக் பிடித்தோம்.

கடலுக்குள் நிற்கும் யேலே பகோடாவுக்குப் போகிற கூட்டத்தில் எங்களைப் பார்த்தவர்கள் அங்கே போக வழி காட்டினார்கள். நாங்கள் சயாமா கல்லறை என்று கேட்டதும் ஒரு கடைக்காரப் பெண் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார். மோன் ஜாதிக்காரர், பாப்டிஸ்ட் சபை. கையில் ஒரு குடம் தண்ணீர், தேங்காய் நார். எழுத்து தெரியவில்லை என்று நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மண்டியிட்டு நாரைத் தண்ணீரில் நனைத்துக் கல்லைத் தேய்த்தார். பாசி கரைந்து வழிய வழிய எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது. என் மனைவியும் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் பர்மியப் பேச்சுத்தான். தேய்த்து முடிக்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா இறந்தது 1826 அக்டோபர் 24. காய்ச்சல். வயது 36. அந்த நேரத்தில் ஐயா பக்கத்தில் இல்லை. ஆங்கிலேயர் ஆவா அரசரோடு ஒப்பந்தம் பேசப் போனபோது மொழிபெயர்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தது ஹோப்பியா மரத்தடியில் மண்மேட்டைத்தான். அடுத்த ஏப்ரலில் பிள்ளை மரியாவும் போய்விட்டது. அதையும் தாயின் பக்கத்திலேயே வைத்தார்கள்.

அதன் பிறகுதான் 1827-இல் ஐயா மோல்மேனுக்குக் குடிபெயர்ந்தார். அந்த வருஷம் தொடங்கிய சபை இன்றைக்கும் எங்கள் நகரத்தில் நடக்கிறது. பழைய கட்டடம் ஒழுகிக்கொண்டிருந்தது, சில வருஷங்களுக்கு முன்னால் வெளிநாட்டு உதவியோடு பழமை கெடாமல் பழுது பார்த்தார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கட்டடத்தைப் படம் எடுக்கிறார்கள். அவர்களைக் கைக்காமிக்கும் போய் வாருங்கள் என்று நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பெகுவிலிருந்து ஒருவர்:

ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த போதகரும் அவர் மனைவியும், கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். நான் நினைத்தது, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை வாசித்து அனுப்பிவிடுவார்கள் என்று. அந்த அம்மா எடுத்தது ஜட்சன்கள் கதையை.

அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது ஜட்சன்கள் காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. கப்பலில் வரும்போது வேதத்தைப் படித்துப் படித்து ஐயாவின் மனம் மாறியது. முழுக்கு ஞானஸ்நானம்தான் சரி என்று பட்டது. அம்மா சம்மதிக்கவில்லை. நீங்கள் பாப்டிஸ்ட் ஆனால் நான் ஆகமாட்டேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் தானே உட்கார்ந்து படித்தார். மாற்றுத் தரப்பு நூல்களையும் படித்தார். கடைசியில் தன் மனசாட்சிப்படி ஒத்துக்கொண்டு, 1812 செப்டம்பரில் கல்கத்தாவில் இருவரும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அனுப்பி வைத்த சபையின் ஆதரவு போய்விடும் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

எங்கள் வீட்டில் இப்போதும் பெரிய விஷயம் எதுவானாலும் தனித்தனியாக ஜெபித்துவிட்டு அப்புறம்தான் சேர்ந்து பேசுகிறோம். இரண்டு பேருக்கும் மனம் ஒத்துவரும் வரை காத்திருப்போம். அந்தப் போதகரும் அவர் மனைவியும் சபைக் காரியங்களிலும் இப்படித்தான் நடந்தார்கள். மூப்பர்கள் அவசரப்பட்டாலும் இவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

மாண்டலேயிலிருந்து ஒரு சகோதரி:

பெகு அண்ணனுக்கு ஸ்தோத்திரம். நான் ஆவா பக்கத்துக் கதையைச் சொல்கிறேன், எங்களுக்கு அது பக்கத்து ஊர்.

1824-இல் ஆங்கிலேயரோடு யுத்தம் மூண்டதும் வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர்கள் என்று அரசரின் ஆட்கள் பிடித்தார்கள். ஜூன் 8 அன்று ஐயாவை வீட்டிலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு போய் லெட் மா யூன் சிறையில் போட்டார்கள். காலில் மூன்று ஜோடி விலங்கு. அப்புறம் ஆங்பின்லே என்ற கிராமத்துச் சிறைக்கு மாற்றினார்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 17 மாதம். ஆன் அம்மா வயிற்றில் பிள்ளையோடு அதிகாரிகள் வீட்டு வாசல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். கைதிகளுக்குச் சிறையில் சோறு கிடையாது, வெளியிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். அம்மா கொண்டுவந்தார். பிரசவமான பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்.

ஆங்பின்லேயில் அம்மா காய்ச்சலில் விழுந்து பால் வற்றிப்போனது. காவலர்களுக்கு எதையோ கொடுத்துக் கெஞ்சி அனுமதி வாங்கினார். ஐயா கால் விலங்கோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிராமத்தில் வீடு வீடாகப் போனார். கைக்குழந்தை வைத்திருந்த பர்மியத் தாய்மார் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் எல்லாவற்றையும் விடப் பெரியது இதுதான். மிஷனரிகள் கொடுத்ததைப் பற்றியே பேசுகிறோம். வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் பேச வேண்டும். தலையணைக் கதையும் அப்படித்தான்: காவலாளி உதறிப் போட்ட அந்தத் தலையணையை, உள்ளே புதிய ஏற்பாடு இருப்பது தெரியாமலே சயாவின் ஞாபகமாக எடுத்து வைத்துக் காப்பாற்றியவர் மாங் இங் என்ற பர்மிய விசுவாசி.

நான் கண்டது 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு. 7.7 அளவு. வெள்ளிக்கிழமை மத்தியானம். ஐராவதியில் பழைய ஆவா பாலம் விழுந்தது, எங்கள் தெருவில் பாதி வீடுகள் விரிசல் விட்டன, எங்கள் சின்னச் சபையின் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. பின்னதிர்ச்சிக்குப் பயந்து ராத்திரியெல்லாம் சனம் ரோட்டிலேயே படுத்தது. எங்கள் போதகர் தம்பதி வீட்டுக்குள் போய் முதலில் எடுத்துவந்தது பெரிய சோற்றுப் பானை. ரோட்டோரம் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். அரிசி யார் யார் வீட்டிலிருந்தோ வந்தது. பருப்பும் சோறும்தான். சீனர், பர்மியர், முஸ்லிம், நம் ஆட்கள், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று வாங்கினார்கள். போதகர் பரிமாறினார், சயாமா அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டி ஆராதனை. நாலு பக்கமும் திறந்திருந்தது. அதுவரை எங்கள் சபைப் பக்கமே எட்டிப் பார்க்காத அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். சுவரைத் திரும்பக் கட்டப் பணம் சேர்ந்தபோது சயாமா ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்: தெருப் பக்கச் சுவர் வேண்டாம், கம்பிக் கதவு போதும். மூப்பர்களில் ஒருவர் திருட்டுப் பயம் என்றார். நீண்ட நேரம் பேசினார்கள். கடைசியில் கம்பிக் கதவுதான் வைத்திருக்கிறோம்.

இன்சேனிலிருந்து, ஒரு போதகரின் மகள்:

எல்லாரும் எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் நான் வேறு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தட்டியைத் தூக்கிக் கட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். எங்களுக்கு என்று ஒரு மூலை இருந்ததில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போதும் யாராவது அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவுக்கு சபை ஒரு சம்பளம் கொடுத்தது, சிறியதானாலும் சம்பளம். அம்மாவுக்குக் கிடையாது. ஆனால் ஓய்வுநாள் பள்ளி அம்மா, பெண்கள் ஐக்கியம் அம்மா, கிறிஸ்மஸ் சாப்பாடு அம்மா, நோயாளியைப் பார்க்கப் போவது அம்மா. அம்மா படுத்த படுக்கையானபோது சபைக்காரர்கள் வந்து கேட்டது, இந்த வாரம் பெண்கள் கூட்டம் உண்டா என்றுதான்.

ஜட்சன்கள் கதையிலும் பிள்ளைகளைப் பாருங்கள். கப்பலில் ஒன்று. ரங்கூனில் ரோஜர், எட்டு மாதம்கூட நிரம்பவில்லை. மரியா இரண்டு வயதில். ஐயா பிறகு சாரா போர்ட்மன் அம்மாவைக் கல்யாணம் செய்தார், அவரும் விதவையாகத் தனியே நின்று ஊழியம் செய்த பெரிய மனுஷி. அவருடைய மகன் ஜார்ஜை ஆறு வயதில் தன்னந்தனியாக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். சாட்சியாகச் சொல்லும்போது இதையெல்லாம் தியாகம் என்கிறோம். அந்தப் பையனை யார் கேட்டார்கள்?

ஆனாலும் ஆன் அம்மாவிடம் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கல்லீரல் நோய் முற்றியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கேயே கிடக்கவில்லை. 1821-இல் ஐயாவை இங்கே விட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறி இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு 1823 கடைசியில்தான் திரும்பினார். அந்த இடைவெளியில் பர்மா ஊழியத்தைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். நம் சபைகளில் எந்தப் போதகரின் மனைவிக்கு அப்படி ஓய்வு கொடுத்திருக்கிறோம்? திறந்த வீடு வேண்டும் என்று ஆசைப்படுகிற சபை, அந்த வீட்டில் சோறு வடிக்கிறவளுக்கு மாதம் ஒரு ஞாயிறாவது தட்டியை இறக்கிவைக்கச் சொல்லட்டும்.

தாம்வே ஆசிரியை:

தங்கச்சி, நீ சொன்னதில் ஒரு வார்த்தையும் தள்ள முடியாது. எங்கள் சயாமாவுக்கும் முழங்கால் வலி கடைசிவரை இருந்தது. யாரும் கேட்கவில்லை. இந்த வருஷக் கூட்டத்தில் இதைப் பேச வைக்கிறேன்.

பெகுவிலிருந்து ஒரு மூப்பர் (பேரன் தட்டச்சு செய்கிறான்):

பிள்ளைகளே, நான் 1960-களைப் பார்த்தவன். அதைச் சொல்ல வேண்டியது என் கடமை.

1962-இல் ராணுவம் வந்தது. அப்புறம் கடை, வியாபாரம் எல்லாம் அரசாங்கத்துக்குப் போனது. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள், கையில் ஒரு பெட்டி, காதில் இருந்த தோட்டைக்கூடத் துறைமுகத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. சபை நடத்திய பள்ளிக்கூடங்களை 1965-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகள் எல்லாரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்த் தமிழ்ச் சபையின் போதகரும் குடும்பத்தோடு மதராசுக்குப் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் நின்றது பதினைந்து இருபது குடும்பம். இனி அவ்வளவுதான் என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இறையியல் கல்லூரி வாசலை இருவருமே மிதித்ததில்லை. அந்தக் குமாஸ்தா ஐயா தமிழில் வேதம் வாசிப்பார், அதையே பர்மிய வேதாகமத்திலும், அதாவது ஜட்சன் மொழிபெயர்ப்பிலும், ஒரு முறை வாசிப்பார். பிரசங்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வாசித்ததைப் பற்றி நாலு வார்த்தை. அந்த அம்மா கீர்த்தனை எடுத்துக் கொடுப்பார், பிள்ளைகளுக்கு வெறும் தரையில் சாக்பீஸால் அ, ஆ எழுதிக் காட்டுவார். தமிழ்ப் பள்ளிக்கூடம் மூடின பிறகு எங்கள் ஊரில் தமிழ் எழுத்தைக் காப்பாற்றியது அந்தத் தரைதான். வேறு ஊரிலிருந்து ஒரு போதகர் எப்போதாவது வந்து நற்கருணை கொடுப்பார். மற்றபடி சபை தன் காலில் நின்றது. பல வருஷம் நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது ஜட்சன்கள் காலத்திலேயே பேசி வைத்த காரியம். 1820 ஜனவரியில் ஜட்சன் ஐயா அரசரிடம் போய் ஊழியத்துக்கு அனுமதி கேட்டார். அரசர் துண்டுப்பிரதியை வாங்கி இரண்டு வரி படித்துவிட்டுக் கீழே போட்டுவிட்டார். மனமுடைந்து ரங்கூனுக்குத் திரும்பி, இனி இங்கே முடியாது, சிட்டகாங் பக்கம் போய்விடலாம் என்று யோசித்தார். அப்போது சபையில் இருந்தது மூன்றே பேர். முதல் விசுவாசி மாங் நோ ஞானஸ்நானம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் விசுவாசிகளும் விசாரிக்க வந்தவர்களும் போகாதீர்கள் என்றார்கள். சாகும்வரை எங்களோடு இருங்கள் என்றும் அவர்கள் கேட்கவில்லை. எட்டு பத்துப் பேர் சேரும்வரை இருங்கள், எங்களில் ஒருவரை எங்களுக்குப் போதகராக வைத்துவிடுங்கள், அப்புறம் நீங்கள் போனாலும் இது தானாகப் பரவும், அரசராலும் நிறுத்த முடியாது என்றார்கள். அதற்கு ஐயாவும் அம்மாவும் இணங்கினார்கள். அந்த வருஷம் ஜூலை 18-இல் பத்தாவது ஆளாக ஞானஸ்நானம் பெற்றவர் மா மென்லா, அந்தச் சபையின் முதல் பெண். ஆன் அம்மாவின் புதன்கிழமைக் கூட்டத்துப் பெண்மணி. பிற்பாடு தன் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்.

பார்த்தீர்களா, தங்களை நம்பி நிற்காத சபையைத்தான் அவர்கள் கட்டினார்கள். 1966-இல் மிஷனரிகள் போன பிறகும் பர்மிய, கரேன், கச்சின், சின் சபைகள் விழாமல் நின்றதற்கும், எங்கள் சின்னத் தமிழ்ச் சபை நின்றதற்கும் வேர் அங்கே இருக்கிறது. இப்போது சில இடங்களில் போதகர் இல்லாவிட்டால் ஜெபக்கூட்டம்கூட நடப்பதில்லை, மைக்கை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. வாலிபரைப் பேச விடுங்கள். பெண்களை வாசிக்க விடுங்கள். தப்பாக வாசித்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

முடோன் சகோதரர்:

தாத்தா, அந்த அம்மா தரையில் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்களே, எங்கள் பக்கத்திலும் ஒரு அம்மா இப்படிச் செய்தார். அவரிடம் படித்தவள்தான் என் மனைவி.

தாம்வே ஆசிரியை:

தாத்தாவுக்கு என் வணக்கம். நீங்கள் சொன்னதை வாலிபர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். சத்தமே இல்லாமல் கேட்டார்கள்.

எழுத்தைப் பற்றி ஒன்று. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாட்டு நோட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். வட்டம் வட்டமான எழுத்தில் 'ஸ்தோத்திரம்' வளைந்து நெளிந்து கிடக்கும். ழகரத்துக்கு அங்கே எழுத்து கிடையாது, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருக்கும். சில பெரியவர்கள் இதைப் பார்த்துத் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். ஆன் அம்மாவும் ஐயாவும் சனங்கள் எந்தப் பாஷையில் வாழ்ந்தார்களோ அந்தப் பாஷைக்குள் போய் உட்கார்ந்தவர்கள். இந்தப் பிள்ளைகள் வாழ்வது இரண்டு பாஷையில். நோட்டு எந்த எழுத்தில் இருந்தாலும் முதலில் பாடட்டும். தமிழ் எழுத்தை வாரம் ஒரு மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன், மெதுவாக வருகிறது.

இந்த ஜூலைக்கு நாங்கள் முடிவு செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 13-ஆம் தேதிக் கூட்டத்தில் பிரசங்கத்துக்குப் பதிலாக ஆன் அம்மாவின் சயாத் கடிதத்தைத் தமிழிலும் பர்மியத்திலும் வாசிக்கப் போகிறோம். வாசிப்பது இரண்டு வாலிபப் பெண்கள். அன்றைக்குச் சமையல் ஆண்கள் ஐக்கியம், சயாமா உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மூப்பர்கள் முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டோம் (இன்சேன் தங்கச்சிக்கு நன்றி). அதையடுத்து புதன்கிழமை தோறும் பெண்கள் கூட்டம், யார் வீட்டுத் திண்ணை கிடைக்கிறதோ அங்கே. தாம்வே, பசுண்டாங் பக்கம் இருப்பவர்கள் திண்ணை கொடுக்க முடிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். பாய் எங்களிடம் இருக்கிறது.